எதுக்கம்மா வீட்டு குக்கர் கேஸ்கட்

பம்ப் கம்பெனியில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் செக்யூரிட்டியிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவள் எதுக்கம்மா. வெளிநாட்டுக்குப் போகிற பம்ப் ஆகட்டும், பம்பின் ஒரு திருகு ஆகட்டும், வரைபடம் ஆகட்டும், அவள் கையெழுத்து விழாமல் கேட்டைத் தாண்டாது. கையெழுத்துக்கு முன்னால், யாருக்கு, எதுக்கு, கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பாள். பதில் சரியாக வராவிட்டால் லாரி மழையில் நனைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கம்பெனி பம்புக்கு ஒரு பெருமை உண்டு. உள்ளே ஓடுகிற திரவம் வெளியே ஒரு சொட்டுக் கசியாது. மருந்து ஆலைக்காரன் அதற்காகத்தான் வாங்குகிறான். விஷவாயு செய்ய நினைக்கிற பாவியும் அதற்காகத்தான் வாங்கப் பார்ப்பான். பம்புக்கு நல்லவன் கெட்டவன் தெரியுமா? தெரிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும் என்கிறது சட்டம். பம்பை மட்டுமல்ல, அதைச் செய்கிற வித்தையையும் அரசாங்க லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. பெட்டியில் போட்டு அனுப்பினாலும் ஏற்றுமதிதான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொன்னாலும் ஏற்றுமதிதான். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து அவள் இதை வகுப்பெடுப்பாள். உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முதல் குறட்டை அவள் புருஷனுடையதாகத்தான் இருக்கும்.

விற்பனை மேலாளருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"ஊர் ஊரா நாயா அலைஞ்சு ஆர்டர் பிடிச்சுட்டு வர்றோம் மேடம். நீங்க எதுக்குன்னு ஒத்த வார்த்தை கேட்டுப் படுக்க வச்சுடறீங்க."

"வார்த்தை கேட்டா படுத்துக்கற ஆர்டர் என்ன ஆர்டர் சார்? எதுக்கு வாங்கறீங்கன்னு கேட்டா, 'பம்பாக உபயோகிக்க'ன்னு எழுதியிருக்கான் உங்க ஆளு. செருப்பு எதுக்குன்னு கேட்டா செருப்பா போட்டுக்கன்னு சொல்ற மாதிரி."

"அவன் வேற என்னத்த எழுதுவான்?"

"அதைத்தான் கேட்டுட்டு வாங்கன்னு சொல்றேன்."

ஆபீசில் ஒட்டிக்கொண்ட பழக்கம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா என்ன? புருஷன் புதுக்குடை வாங்கி வந்தால் எதுக்கு. மகள் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்தால் எதுக்கு. பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் சர்க்கரை கேட்டு வந்தபோதும் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் அதன் பிறகு அடுத்த தெருவில் போய் வாங்கிக்கொள்கிறாள்.

புருஷனும் அதே கம்பெனிதான். சோதனைக்கூடத்துத் தலைமை ஆள். பம்பை எல்லாப் பக்கமும் அடைத்து, உள்ளே காற்றேற்றி, சங்கிலியில் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். அவர் தொட்டி விளிம்பில் குந்தி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு குமிழி மேலே வந்தாலும் பம்ப் திரும்பிப் போகும். அதனால் குமிழி மாஸ்டர் என்று பெயர். நாளெல்லாம் தண்ணீரையே பார்த்திருந்து பேச்சு குறைந்துபோன மனிதர். ஆனால் கசிவை அடைக்கிற சீல் என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் போதும், அன்றைக்கு அவரை நிறுத்த ஆள் கிடையாது.

அவர்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நம் மொழி சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் டீச்சர். அவளிடம் படிக்க வந்தவன்தான் அந்தப் பையன். கடலுக்கு அப்பால் ஒரு மருந்து ஆலையில் ரிப்பேர் மெக்கானிக். கம்பெனி செலவில் இங்கே ஒரு வருஷப் படிப்புக்கு வந்திருந்தான். பாடப்புத்தகத்திலிருந்து மொழி படித்ததால் அச்சடித்த மாதிரி பேசுவான். முதல் நாள் வீட்டுக்கு வந்து, "தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன், ஐயா" என்றான். மாஸ்டர் திரும்பி மகளைப் பார்த்தார். அன்று முதல் வீட்டில் அவனுக்குச் செந்தமிழ் என்று பெயர்.

எதுக்கம்மா அன்றைக்கே விசாரணையை ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க ஆலையில என்ன மருந்து செய்யறாங்க?"

"காய்ச்சலுக்கும் வலிக்கும் உரிய மாத்திரைகள், அம்மா."

"யாரு வாங்கறா?"

"மருத்துவமனைகள்."

"எல்லாமே மருத்துவமனைக்குத்தான் போகுதா? நடுவுல தரகர் யாராவது?"

"அம்மா!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் பம்ப் வாங்க வரல. பொண்ணு கேட்டு வந்திருக்கார்."

 இரண்டாவது தடவை அவன் வந்தபோது மாஸ்டர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் போன பிறகு மனைவியிடம் சொன்னார்: "ஒத்தப் பொண்ணு. அதையும் கடல் தாண்டி அனுப்பணுமா? ஊர்ப்பட்ட பம்பை எல்லாம் நிறுத்தி வைக்கற. இதுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுடாத, சொல்லிட்டேன்."

"நான் என்ன பம்பாப்பா?" என்று அடுத்த அறையிலிருந்து மகளின் குரல் வந்தது. பிறகு அவளே வந்து நின்றாள். "நீங்க மனசார சரின்னு சொல்லாம நான் போக மாட்டேன். அவர்கிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். மழைக்காலம் முடிஞ்சதும் அவருக்குப் படிப்பு முடியுது, ஊருக்குக் கிளம்பணும். அதுக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு அழாமல் உள்ளே போனாள்.  பையனை எதுக்கம்மாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் புருஷன் வாயைத் திறக்க வேண்டுமே!

மூன்றாவது தடவை அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியில் தொங்கியது. அம்மாவும் மகளும் அடுப்படியில் இருந்தார்கள். சோறு வெந்து இறங்கிவிட்டது. எதுக்கம்மா குக்கர் மூடியைக் கழுவி, அதன் கேஸ்கட்டைக் கழற்றித் துடைத்து முன்னறைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள். கறி கொதித்துக்கொண்டிருந்தது.

முன்னறையில் வழக்கம்போல் டிவி மட்டும் பேசியது. பிறகு செந்தமிழின் குரல்: "ஐயா, எங்கள் ஆலையில் தங்கள் நிறுவனத்தின் பம்ப் ஒன்று உள்ளது. அதன் சீல் அடிக்கடி பழுதாகிறது. என் பிழை எதுவென்று எனக்குப் புலப்படவில்லை."

 டிவி அணைந்தது.

"எப்படி மாட்டறீங்க?" என்றது மாஸ்டரின் குரல்.

மகள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, அப்பா பேசறாரு!"

பேச்சா அது? அணை உடைந்த மாதிரி. நாற்காலி இழுபடும் சத்தம், டம்ளர் உருளும் சத்தம், நடுவில் மாஸ்டரின் சிரிப்பு. அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு காலம் ஆயிற்று. "கேஸ்கட்ட இப்படி ஒரு பக்கமா அழுத்தினா அழுதுடும், கசிஞ்சுடும். சுத்திவர ஒரே மாதிரி அழுத்தணும். எங்க, நீ பண்ணு... ஆங், அப்படி!" எதுக்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா, கல்லும் கரைந்ததே என்று கறிக்கு இன்னொரு கரண்டி எண்ணெய் விட்டாள்.

சந்தோஷம் தாங்காமல் கதவோரம் போய் எட்டிப் பார்த்தாள். மேஜை மேல் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் வாயோடு வாய் வைத்துப் படுத்திருந்தன. நடுவில் குக்கர் கேஸ்கட். மாஸ்டர் ஒரு பேனாவைக் கழற்றி அதன் ஸ்பிரிங்கையும் எடுத்து வைத்திருந்தார். செந்தமிழ் பாடம் கேட்கிற மாணவன் மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் வெளிவேலை தம்பி. உண்மையான வித்தை எங்க இருக்கு தெரியுமா? இந்த ரெண்டு முகத்துக்கும் மெருகு போடறோம் பாரு, அங்க..."

"நிறுத்துங்க!"

எதுக்கம்மா கரண்டியோடு பாய்ந்துவிட்டாள். கறி சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. "வாயை மூடுங்க! ஏற்றுமதி பண்ணிட்டு இருக்கீங்க!"

மாஸ்டர் விழித்தார். தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார், எதிரே இருந்தவனைப் பார்த்தார். வருஷாவருஷம் தூங்கித் தூங்கிக் கேட்ட வகுப்பு அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி அவர் முகம் வெளுத்தது.

"என்ன சொன்னீங்க? எவ்வளவு சொன்னீங்க? மெருகு பத்தி ஆரம்பிச்சாச்சா?"

"சொல்லல."

"நான் காதால கேட்டேன்."

"சொல்லலைங்கறேன்ல!"

"தம்பி, நீங்க சொல்லுங்க. உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"அம்மா, வீட்டுக்குச் சாப்பிட வந்தவரைக் கூண்டுல ஏத்தாத!" என்று மகள் கத்தினாள். செந்தமிழ் எழுந்து நின்றான். "நான் பிறிதொரு நாள் வருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். கறி அப்படியே இருந்தது. யாரும் தட்டை எடுக்கவில்லை.

சாயங்காலம் அவள் புருஷன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லப் போறேன்."

"எதை?"

"நடந்ததை."

"கட்டின புருஷன காட்டிக் கொடுக்கப் போறியா?"

"போன வருஷம் ஒரு சேல்ஸ் பையன் தெரியாம ஒரு வரைபடத்தை வெளிநாட்டு ஆளுக்கு அனுப்பிட்டு என்கிட்ட வந்து அழுதான். நீயே போய்ச் சொல்லிடு, சொன்னா தப்பு பாதி ஆயிடும்னு அனுப்பி வச்சது யாரு? நான்தானே? ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயமா?"

"வேலை போச்சுன்னா?"

"போனா ரெண்டு பேருக்கும் போகட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாழ்நாளெல்லாம் வாயே திறக்காத மனிதர், திறந்த ஒரே நாளில் கெட்டாரே என்று இருந்தது. மகள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அவர் பேரும் லைசென்ஸ் கொடுக்கற மேலிடத்துக்குப் போகுமா?"

"போகலாம்."

"போனா அவருக்கு விசா, வேலை எல்லாம்?"

"தெரியலடி."

"அப்பா இன்னிக்குத்தாம்மா சிரிச்சாரு" என்றாள் மகள். இந்தத் தடவை அழுதாள். 

மறுநாள் அவள் ஆபீசுக்குச் சாப்பாட்டுப் பை கொண்டுபோனாள். உள்ளே சாப்பாடு இல்லை. முதலாளி மேஜை மேல் பையைத் திறந்து டம்ளர்களையும் கேஸ்கட்டையும் பேனா ஸ்பிரிங்கையும் எடுத்து வைத்தாள்.

"என்னம்மா இது, சமையலா?"

"ஆதாரம் சார்."

அவள் சொல்லச் சொல்ல முதலாளிக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. டிசைன் பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டார். டிசைன் மேடம் கேஸ்கட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "அந்த ஆலை நம்ம பம்பை லைசென்ஸோட வாங்கியிருக்கு. சீலை எப்படி மாட்டறதுன்னு ரிப்பேர் புத்தகத்துலயே கொடுத்திருக்கோம். அதைச் சொன்னா தப்பில்ல. மெருகு எப்படிப் போடறோம்ங்கறது செய்யற வித்தை. அது வெளிய போயிருந்தா நாம மேலிடத்துக்கு எழுதியே ஆகணும். ரெண்டு பேரையும் கூப்பிடுங்க."

வெளிநாட்டுக்காரன் கம்பெனிக்குள் வரக் கூடாது என்பதால், கேட்டை ஒட்டிய பார்வையாளர் அறையில் எல்லோரும் கூடினார்கள். தகரக் கூரையில் மழை கொட்டியது. செந்தமிழ் இஸ்திரி போட்ட சட்டையில், முழங்கால் வரை சேறாக வந்திருந்தான். மகளும் கூட வந்தாள்.

"நீ எதுக்கு?" என்றாள் எதுக்கம்மா.

"மொழிபெயர்க்க."

"அவருக்கு நம்மளவிட நல்லா வருதே."

"அப்ப அவர் பேசறதை உங்களுக்கு மொழிபெயர்க்கறேன்."

மாஸ்டர் டம்ளரையும் கேஸ்கட்டையும் வைத்து நேற்றுச் சொன்னதை அப்படியே திரும்பச் செய்து காட்டினார். டிசைன் மேடம் தலையசைத்துக்கொண்டே வந்தார். "சரி, இதுவரைக்கும் ரிப்பேர்தான். அப்புறம் மெருகுன்னு ஆரம்பிச்சீங்க. என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன் நிறுத்தினீங்க?"

"இவ கத்தினா. நிறுத்தினேன்."

"அவங்க கத்தறதுக்குள்ள?"

மாஸ்டர் தொட்டியைப் பார்ப்பது போல் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார் முதலாளி.

செந்தமிழ் ஒரு கணம் மாஸ்டரைப் பார்த்தான். "ஐயா கூறுவதே சரி. வேறொன்றும் எனக்கு நினைவில்லை."

எதுக்கம்மா எத்தனை பேரிடம் எத்தனை பதில் கேட்டவள்! எதையோ மறைக்கிற பதில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறார்கள். அப்படியானால் சொல்லியிருக்கிறார். எல்லாம் போச்சு. புருஷன் வேலை, மகள் கல்யாணம், எல்லாம்.  ஆனாலும் கேட்டாள், கேட்காமல் அவளால் முடியாது.

"நேத்து நான் எட்டிப் பார்த்தப்ப நீங்க கையைத் தூக்கிட்டு இருந்தீங்களே தம்பி. எதுக்கு?"

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். மாஸ்டர்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போதும். அந்தப் புள்ள எனக்காகப் பொய் சொல்ல வேணாம். நான் சொல்லத்தான் போனேன் சார். பேச்சு சுவாரஸ்யத்துல எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். இந்தப் புள்ளதான் கையைத் தூக்கி, 'ஐயா, இதற்கு மேல் கூறாதீர்கள், இது எனக்கு உரியதல்ல'ன்னு சொல்லிச்சு. என்ன தம்பி, பரவாயில்ல, நம்ம வீடுதானேன்னு மறுபடி ஆரம்பிச்சேன். அப்பவும் கையை இறக்கல. அதுக்குள்ள இவ கரண்டியோட வந்துட்டா." அவர் கேஸ்கட்டைக் கையில் எடுத்தார். "வித்தையைக் காக்க வேண்டியவன் நான். காத்தது வீட்டுக்கு வந்த புள்ள. இதை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவகிட்ட சொல்றது? வெக்கமா இருந்துச்சு சார்."

 டிசைன் மேடம் அவனிடம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும், அது சொல்லக் கூடாததுன்னு?"

"எங்கள் ஆலையிலும் இந்த அம்மாவைப் போன்று ஓர் அம்மையார் உள்ளார்" என்றான் செந்தமிழ். "பம்ப் வாங்கும்போது, ரிப்பேருக்குத் தேவையானதற்கு மேல் எதையும் கேட்க மாட்டோம் என்று எங்கள் அனைவரிடமும் கையொப்பம் வாங்கினார். அவர் வரும் ஓசை கேட்டால் நாங்கள் கொதிகலனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"மேலும், அந்தப் பம்ப் எங்களிடம் வர ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. பழைய பம்பைக் கயிற்றால் கட்டி ஓட்டினோம். இங்கே ஒருவர் 'எதுக்கு' என்று கேட்டு நிறுத்தி வைத்திருந்தாராம். அவர் யாரென்று இப்போது அறிந்துகொண்டேன்."

மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதுக்கம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. யாருக்கு, எதுக்கு, எங்கே போய்ச் சேரும் என்று முதல் நாளிலிருந்து அவள் அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் நேற்றே பதில் சொல்லிவிட்டான், கையைத் தூக்கி. அவள்தான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

வித்தை எதுவும் வெளியே போகவில்லை என்று டிசைன் மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்துக்கு எழுத ஒன்றுமில்லை. "ஆனா மாஸ்டர்," என்றார் முதலாளி, "நீங்க வகுப்புல மறுபடி உக்காரணும். முதல் வரிசை. தூங்கக் கூடாது." பிறகு மேஜையைப் பார்த்தார். "இந்தக் கேஸ்கட்ட எடுத்துட்டுப் போங்கம்மா. வீட்டுல சமைக்க வேணாமா?"

"கேட் பாஸ் போட்டுட்டுத்தான் சார் எடுக்க முடியும். பொருள் வெளிய போகுதுல்ல" என்றாள் எதுக்கம்மா.

அந்த வாரக் கடைசியில் மழை சற்று விட்டது. அந்த வருஷத்து வகுப்புக்கு ஹாலில் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். பேக்கிங் கொட்டகையிலிருந்து ஈரப் பலகை வாசனை வந்தது. விஷயம் கம்பெனி முழுக்கப் பரவியிருந்ததால், எந்த வருஷமும் இல்லாத கூட்டம். விற்பனை மேலாளர்கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் முதல் வரிசையில், சவரம் செய்துகொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு இருந்தார். எதுக்கம்மா புருஷன் முகத்தைப் பார்க்காமலே வகுப்பை நடத்தி முடித்தாள்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு கையும் எழுந்ததில்லை. எல்லோரும் டீக்கு எழுந்திருப்பார்கள். இன்றைக்கு முதல் வரிசையில் ஒரு கை எழுந்தது, பாடம் கேட்கிற பையன் மாதிரி நேராக.

"கேளுங்க" என்றாள். 

மாஸ்டர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "எனக்கு வரப்போற மாப்பிள்ளை வெளிநாட்டு ஆளு. லீவுக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வருவாங்க. சாப்பிட்டு உக்காந்து மாப்பிள்ளை பம்ப் பத்திக் கேட்டா, எதுவரைக்கும் பேசலாம்?"

 எதுக்கம்மா கையிலிருந்த மார்க்கர் கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"ரிப்பேர் வரைக்கும் பேசலாம்" என்றாள்.

"அதுக்கு மேல பேச்சு போச்சுன்னா?"

"மாப்பிள்ளையே கையைத் தூக்குவாரு."

ஹால் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. பின்வரிசையிலிருந்து விற்பனை மேலாளர் விடவில்லை. "மேடம், எங்க ஆர்டரை எல்லாம் நிறுத்தறீங்களே. இதுல யாருக்கு, எதுக்கு, கடைசியில எங்க போய்ச் சேரும்னு கேட்டீங்களா?"

"எல்லாம் கேட்டாச்சு. உக்காருங்க சார்."

டீ வருவதற்குள் அவள் வராந்தாவுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் மாணவர்கள் ஒரே குரலில் ஏதோ இலக்கணம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளாஸ்ல இருக்கேம்மா. இந்த நேரத்துல எதுக்குக் கூப்பிட்ட?"

எதுக்கம்மா ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்பா சரின்னு சொல்லிட்டாருடி" என்றாள்.